அமெரிக்கக் கல்லூரியில் கெமிஸ்ட்ரி பிளேஸ்மெண்ட் தேர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்குச் சேரும் பிள்ளைகளுக்குக் கோடையில் ஒரு மின்னஞ்சல் வரும். வேதியியல் வகுப்புக்குப் பதிவு செய்வதற்கு முன் பிளேஸ்மெண்ட் தேர்வை எழுதி முடிக்கச் சொல்லும். அது வந்ததும் வீட்டில் ஒரு பதற்றம் தொடங்கிவிடுகிறது. முதலாண்டு மாணவர்களுக்கு வேதியியல் சொல்லிக் கொடுப்பது என் வேலை. நம் ஊர்ப் பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

அட்மிஷன்தான் கிடைத்துவிட்டதே, மறுபடியும் எதற்குத் தேர்வு?

இது சேர்க்கைக்கான தேர்வு இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் கேம்பஸ் பிளேஸ்மெண்டும் இல்லை. கிடைத்த இடம் இதனால் பறிபோகாது. உங்கள் பிள்ளை எந்த வேதியியல் வகுப்பிலிருந்து தொடங்கலாம் என்று பார்ப்பது மட்டுமே இதன் வேலை.

நம் ஊரில் அறிவியல் பிரிவு எடுத்தவர் என்றால் +1, +2 என்று இரண்டு வருடம் ஒரே பாடத்திட்டத்தில் வேதியியல் படித்திருப்பார் என்று நம்பலாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் அப்படி ஒரு பொது அளவு கிடையாது. ஒரு மாணவி ஏபி கெமிஸ்ட்ரி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி அளவுப் பாடம்) வரை படித்துவிட்டு வருவார். பக்கத்து இருக்கையில் இருப்பவர் 10-ஆம் வகுப்பில் ஒரு வருடம் மேலோட்டமாகப் படித்ததோடு சரி. இரண்டு பேரையும் முந்நூறு பேர் உட்காரும் ஒரே அரங்கில் வைத்துப் பாடம் நடத்தினால் ஒருவர் தூங்குவார், இன்னொருவர் மூன்றாவது வாரத்திலேயே திணறுவார். அதனால்தான் முன்கூட்டியே பிரித்துப் பார்க்கிறார்கள்.

எந்தெந்த வகுப்புகளில் போடுவார்கள்?

பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். பொதுவாகப் படிகள் மூன்று. கீழ்ப்படி ஆயத்த வகுப்பு: மோல், சமன்பாடு, அலகு மாற்றம் என்று அடிப்படையிலிருந்து தொடங்கும். நடுப்படி ஜெனரல் கெமிஸ்ட்ரி. இது இரண்டு செமஸ்டர், பெரும்பாலோர் தொடங்கும் இடம். மேல்படியில் வேகமாகப் போகும் ஜெனரல் கெமிஸ்ட்ரியோ, நேரடியாக ஆர்கானிக் கெமிஸ்ட்ரியோ (கரிம வேதியியல்) இருக்கும்.

இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தில் கெம் 101 ஆயத்த வகுப்பு, 102 வழக்கமான வகுப்பு, 202 வேக வகுப்பு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கெம் 130 ஜெனரல், கெம் 210 ஆர்கானிக். அங்கே 1989-இல் பாடத்திட்டத்தையே மாற்றி, நல்ல அடித்தளத்தோடு வரும் முதலாண்டு மாணவர்கள் நேராக ஆர்கானிக்கில் தொடங்க வழி செய்தார்கள். எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) வேறு மாதிரி. ஏபி கெமிஸ்ட்ரியில் உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கியிருந்தாலும் அங்கே முதலாண்டு வேதியியலுக்கு விலக்கு கிடையாது. விலக்கு வேண்டுமென்றால் அவர்களே நடத்தும் தேர்வை எழுதித் தேற வேண்டும்.

பிளேஸ்மெண்ட் தேர்வே வைக்காத கல்லூரிகளும் நிறைய உண்டு. கணிதத் தேர்வின் மதிப்பெண்ணையே வேதியியலுக்கும் எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. உங்கள் கல்லூரியின் வேதியியல் துறைப் பக்கத்தில் இருப்பதுதான் உங்களுக்குச் செல்லும். அண்ணன் படித்த கல்லூரியின் விதியைப் பிடித்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

தேர்வில் என்னதான் கேட்பார்கள்?

பல துறைகள் சொந்தமாகக் கேள்வித்தாள் தயாரிக்கின்றன. வெளியிலிருந்து வாங்குபவர்களுக்கு அமெரிக்க வேதியியல் சங்கத்தின் தேர்வுப் பிரிவு இரண்டு தாள்களைத் தருகிறது. ஒன்று டொலீடோ தேர்வு: 60 கேள்விகள், 55 நிமிடம். பொதுக் கணிதம், பொது வேதியியல் அறிவு, குறிப்பான வேதியியல் அறிவு என்று மூன்று பகுதி. ஒஹாயோ மாநிலத்து டொலீடோ பல்கலைக்கழகத்தில் ஹோவி, க்ரோன் என்ற இரண்டு ஆசிரியர்கள், முதலாண்டில் யார் தோற்பார்கள் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று ஆராய்ந்து 1958-இலேயே கட்டுரை எழுதியிருக்கிறார்கள். அந்த வேலையின் வழி வந்த தேர்வு இது. இன்னொன்று கலிபோர்னியா டயக்னாஸ்டிக் தேர்வு: 44 கேள்விகள், 45 நிமிடம்.

நான் எழுதிய ஒரு மாதிரிக் கேள்வியைப் பாருங்கள்.

4 கிராம் ஹைட்ரஜனையும் 16 கிராம் ஆக்சிஜனையும் முழுமையாக வினைபுரிய விட்டால் எத்தனை கிராம் தண்ணீர் கிடைக்கும்? விடைகள்: 9, 18, 20, 36.

நான்கும் +1 படித்தவருக்குப் பழக்கமான எண்கள்தான். ஹைட்ரஜன் 2 மோல், ஆக்சிஜன் அரை மோல். ஒரு மோல் ஆக்சிஜனுக்கு இரண்டு மோல் ஹைட்ரஜன் வேண்டும், ஆக அரை மோல் ஆக்சிஜனுக்கு ஒரு மோல் போதும். ஆக்சிஜன் முதலில் தீர்ந்துவிடும், ஒரு மோல் தண்ணீர் கிடைக்கும். விடை 18.

இனி தவறான விடைகளைப் பாருங்கள். 20 என்று போட்டவர் இரண்டு எடையையும் கூட்டிவிட்டார். நிறை அழியாது என்பது அவருக்குத் தெரியும், ஆனால் மிஞ்சிய ஹைட்ரஜன் தனியாக நிற்கும் என்பது தோன்றவில்லை. 36 போட்டவர் ஹைட்ரஜனை மட்டும் பார்த்தார். 9 போட்டவர் ஆக்சிஜன்தான் குறைவு என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, சமன்பாட்டில் தண்ணீருக்கு முன்னால் உள்ள 2-ஐ விட்டுவிட்டார். மூன்று பேருக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான், ஆனால் மூன்று பேருக்கும் தேவைப்படும் உதவி வேறு வேறு. மொத்த மதிப்பெண்ணை மட்டும் அனுப்பிவிட்டு இந்த விவரத்தைத் தூக்கிப் போடும் கல்லூரிகள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கேட்டால் சில துறைகள் பகுதிவாரி மதிப்பெண்ணைத் தருவார்கள். கேளுங்கள்.

கெமிஸ்ட்ரி தேர்வில் ஏன் இவ்வளவு கணக்கு?

முதலாண்டு வேதியியலில் மாணவர்கள் விழும் இடம் பெரும்பாலும் கணக்குதான். விகிதம், அடுக்கு, மடக்கை, ஒரு சமன்பாட்டில் வேண்டிய எழுத்தைத் தனியாகப் பிரித்தெடுப்பது. இவை கை பழகாமல் இருந்தால், பி.எச். கணக்கில் மூளையின் பாதி மடக்கைக்கே போய்விடும். வேதியியலுக்கு மிச்சம் இருக்காது. டெக்சாஸில் சில கல்லூரி ஆசிரியர்கள் சேர்ந்து கால்குலேட்டர் இல்லாமல் 15 நிமிடத்தில் எழுதும் ஒரு சின்னக் கணிதத் தேர்வை வைத்தார்கள். அதில் நன்றாகச் செய்தவர்கள் ஜெனரல் கெமிஸ்ட்ரியிலும் நன்றாகச் செய்யும் வாய்ப்பு அதிகம் என்பதைக் கண்டார்கள்.

இந்த விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. பள்ளித் தேர்வில் கால்குலேட்டர் இல்லாமல் எழுதிப் பழகியவர்கள். 0.0025-ஐ 4,00,000-ஆல் பெருக்கினால் 1000 என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள்.

+2 கெமிஸ்ட்ரியில் 95-க்கு மேல். அப்படியும் படிக்க வேண்டுமா?

வேண்டும், கொஞ்சம். பாடம் தெரியாது என்பதால் சொல்லவில்லை. கேட்கும் முறை பழகாதது.

அங்குலம், பவுண்டு, ஃபாரன்ஹீட் எல்லாம் வரும். ஒரு அங்குலம் 2.54 சென்டிமீட்டர், ஒரு பவுண்டு 453.6 கிராம் என்று தந்துவிட்டு மாற்றச் சொல்வார்கள். அழுத்தத்தை டார் (torr) என்ற அலகில் கொடுப்பார்கள். முக்கிய எண்ணுரு விஷயத்தில் கண்டிப்பாக இருப்பார்கள். 5.0 மி.லி. திரவம் 4.0 கிராம் எடை என்றால் அதன் அடர்த்தி 0.80, வெறும் 0.8 இல்லை. பள்ளியில் யாரும் இதற்கு மதிப்பெண் குறைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு விஷயம், +2 முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். அதுவரை ஆர்கானிக் பெயர்வினைகளை மனப்பாடம் செய்து ஓடியிருப்பார்கள். தேர்வு கேட்பதோ பெரும்பாலும் +1-இன் முதல் பாடத்தை. மாநிலப் பாடநூலில் ‘வேதியியலின் அடிப்படைக் கருத்துக்களும் வேதிக் கணக்கீடுகளும்’ என்று இருக்கிறதே, அந்தப் பாடத்தின் பின்பக்கக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தாலே பாதித் தயாரிப்பு முடிந்துவிடும். அதோடு வாயு விதிகள், தனிம வரிசை அட்டவணை, அயனிகளின் பெயரும் மின்சுமையும், கரைசலின் செறிவு. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட வேண்டிய தேவை எதுவும் இல்லை.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொற்பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். வீழ்படிவு என்றால் பிரெசிபிடேட், கரைபொருள் என்றால் சால்யூட், ஒடுக்கம் என்றால் ரிடக்‌ஷன் என்று இரண்டு பக்கம் வந்தாலே போதும். விஷயம் தெரிந்தும் கேள்வியின் ஒரு சொல் புரியாமல் மதிப்பெண் போவதைப் பார்த்தால் மனசு ஆறாது.

அலெக்ஸ் என்று ஒன்று வந்திருக்கிறது. அது என்ன?

கணினியில் எழுதும், ஆளுக்கு ஏற்ப மாறும் தேர்வு. 1985-இல் டோனியான், ஃபால்மாங் என்ற இரண்டு பெல்ஜியக் கணித அறிஞர்கள் முன்வைத்த ஒரு கோட்பாட்டின் மேல் கட்டப்பட்டது. 1990-களில் கலிபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் மென்பொருளாக வளர்ந்தது. இப்போது மெக்ரா-ஹில் நிறுவனத்திடம் இருக்கிறது.

அடிப்படை யோசனை எளிது. மோல் கணக்குப் போடத் தெரிந்தவருக்கு விகிதம் கட்டாயம் தெரிந்திருக்கும். ஆக முதலில் ஒன்றைக் கேட்டுவிட்டால், அதற்குக் கீழே உள்ள பலவற்றைக் கேட்கத் தேவையில்லை. ஒவ்வொரு விடையையும் வைத்து, அடுத்த கேள்வியை அது தேர்ந்தெடுக்கும். அதனால் குறைந்த கேள்விகளிலேயே உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்ற படம் அதற்குக் கிடைத்துவிடும். கணிதப் பிளேஸ்மெண்டில் 30 கேள்விகளுக்கு மேல் வராது.

பல கேள்விகளில் விடையை நீங்களே எழுத வேண்டும். ‘எனக்குத் தெரியாது’ என்று ஒரு பட்டன் இருக்கும். தெரியாவிட்டால் அதை அழுத்துங்கள். நம் பிள்ளைகள் அதைத் தொடவே கூச்சப்படுவார்கள். ஏதோ ஒன்றைப் போட்டு அது தற்செயலாகச் சரியாகிவிட்டால், உங்களுக்குத் தெரிந்ததாகவே மென்பொருள் எடுத்துக்கொண்டு மேலே போய்விடும். தேர்வு முடிந்ததும் விட்ட பகுதிகளுக்கான பாடங்களைத் திறந்துவிடுவார்கள், படித்துவிட்டு மறுபடி எழுதவும் பல கல்லூரிகள் அனுமதிக்கின்றன. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

வீட்டிலிருந்துதானே எழுதுகிறான், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். நன்னடத்தை விதியை மீறுவது என்பது ஒரு பக்கம். வெளிநாட்டில் முதல் மாதத்திலேயே அப்படி ஒரு விசாரணையில் மாட்டுவது பெரிய தலைவலி. ஆனால் நான் அதிகம் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. அக்காவின் மதிப்பெண்ணோடு மேல் வகுப்பில் உட்காரப் போவது உங்கள் பையன். அந்த வகுப்பில் ஆசிரியர் மோல் கணக்கைத் தொடக்கூட மாட்டார், தெரியும் என்று வைத்துக்கொண்டே நடத்துவார். முதல் மிட்டெர்ம் நான்கு, ஐந்து வாரத்தில் வந்துவிடும். புது ஊர், புது சாப்பாடு, பேச்சு வழக்கே புரியாத நிலையில் அந்த அடி விழுந்தால் பிள்ளை யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வான். நல்ல புத்திசாலிப் பிள்ளைகள் இப்படி ஒடுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ரேங்க் போடும் தேர்வு இல்லை இது. அதிக மதிப்பெண் எடுத்தால் பரிசு எதுவும் இல்லை. உண்மையான மதிப்பெண் கிடைத்தால்தான் உங்களுக்கு லாபம்.

ஆயத்த வகுப்பில் போட்டுவிட்டார்கள். வருடம் வீணா?

வருடம் போகாது. பெரும்பாலும் ஒரு செமஸ்டர். அதுவும் எங்கே இடிக்கும் என்று பார்க்க வேண்டும்.

வேதியியல், பயோகெமிஸ்ட்ரி, கெமிக்கல் எஞ்சினியரிங், மருத்துவத்துக்கு முந்தைய பாடங்கள், இவற்றில் படிக்கட்டு நீளம். ஜெனரல் இரண்டு செமஸ்டர், அதன் மேல் ஆர்கானிக் இரண்டு செமஸ்டர், அதன் மேல் மற்றவை. தொடக்கம் தள்ளிப்போனால் மேலே எல்லாம் தள்ளிப்போகும். அதுவும் ஜெனரல் கெமிஸ்ட்ரியின் முதல் பகுதியை இலையுதிர் செமஸ்டரில் மட்டும் நடத்தும் சிறிய கல்லூரியாக இருந்தால் உண்மையிலேயே ஒரு வருடம் இழுக்கும். ஜனவரியிலும் அந்த வகுப்பு உண்டா, கோடையில் உண்டா என்று முதலில் கேளுங்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ், பொருளாதாரம் என்றால் கவலையே வேண்டாம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆயத்த வகுப்பின் கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள அளவுப் புள்ளி) உங்கள் டிகிரிக்கு எண்ணப்படுமா? சில இடங்களில் எண்ணுவார்கள், சில இடங்களில் எண்ண மாட்டார்கள். கட்டணம் என்னவோ இரண்டு இடத்திலும் உண்டு.

மதிப்பெண் கட்-ஆஃபுக்கு ஒட்டி நின்றுவிட்டால் மறுதேர்வுக்கோ, துறை ஆலோசகரிடம் பேசவோ தயங்காதீர்கள். +2 பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் கையோடு அனுப்புங்கள். இந்தியப் பள்ளிகளில் என்ன படிக்கிறார்கள் என்பது அவர்கள் பலருக்குத் தெரியாது. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, அங்கே அது சகஜம்.

மேல் வகுப்பு கிடைத்திருக்கிறது. நேராக ஆர்கானிக் போகலாமா?

அடித்தளம் உறுதியாக இருந்தால் போகலாம். மருத்துவம் படிக்க நினைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சில, ஏபி வழியாகக் கழித்த பாடத்தை ஏற்பதில்லை, கல்லூரியில் படித்த வேதியியல்தான் வேண்டும் என்பார்கள். ஜெனரலைத் தாண்டிவிட்டால் அதற்குப் பதிலாக மேல்நிலை வேதியியல் எடுக்க வேண்டி வரலாம். ஆய்வகப் பழக்கத்தையும் யோசியுங்கள். உப்புப் பகுப்பாய்வும் தரம்பார்த்தலும் நம் +2 செய்முறையில் செய்திருப்பார்கள், ஆனால் ஆய்வக அறிக்கை எழுதிப் பழகியிருக்க மாட்டார்கள்.

ஏபி, ஐபி, ஏ-லெவல் மதிப்பெண் இருந்தால் தேர்வு எழுத வேண்டாமா?

பல கல்லூரிகளில் வேண்டாம். எவ்வளவு வாங்கினால் விலக்கு என்று அட்டவணையே போட்டிருப்பார்கள். இந்திய +2-க்கு நேரடி விலக்கு தரும் இடம் குறைவு. இலங்கை ஏ/எல் எழுதியவர்கள், லண்டன் ஏ-லெவலுக்கான வரி தங்களுக்கும் பொருந்துமா என்று சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வகுப்பு ஆரம்பித்த பிறகுதான் தவறான வகுப்பு என்று தெரிகிறது. அப்புறம்?

முதல் ஒன்றிரண்டு வாரம் என்றால் சுலபம். சேர்க்கவும் நீக்கவும் தனிக் காலம் உண்டு, அதற்குள் மாறினால் மதிப்பெண் பட்டியலில் தடயமே இருக்காது. அதன் பிறகு விலகினால் டபிள்யூ என்ற எழுத்து ஏறும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். இளநிலை மாணவர் ஒரு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். ஆய்வகத்தோடு சேர்த்து நான்கு கிரெடிட் உள்ள வேதியியலை அவசரத்தில் விட்டுவிட்டால் 12-க்குக் கீழே போய்விடலாம், விசா நிலையே சிக்கலாகும். ஆனால் குடியேற்ற விதியிலேயே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ‘பொருத்தமில்லாத பாடநிலையில் சேர்க்கப்பட்டது’ என்பது குறைந்த கிரெடிட்டுக்கு அனுமதி தரக்கூடிய கல்விக் காரணங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லியே அதில் இருக்கிறது. அப்படியும் குறைந்தது ஆறு கிரெடிட் இருக்க வேண்டும். ஒரு படிப்பு நிலையில் இதை ஒரு தடவைதான் பயன்படுத்தலாம், அடுத்த பருவத்தில் முழுச் சுமைக்குத் திரும்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பன்னாட்டு மாணவர் அலுவலக அதிகாரியின் அனுமதியை வாங்கிய பிறகுதான் பாடத்தை விட வேண்டும். விட்டுவிட்டுப் போய்ச் சொன்னால் அவராலும் காப்பாற்ற முடியாது.

ஒரு மணி நேரத் தேர்வை வைத்து ஒருவரின் பாதையை முடிவு செய்வது நியாயமா?

அதை மட்டும் வைத்து முடிவு செய்தால் நியாயம் இல்லை என்பதே என் கருத்து.

கட்-ஆஃப் எப்படி வருகிறது என்று பாருங்கள். முந்தைய வருடங்களில் இந்த மதிப்பெண் எடுத்தவர்கள் வகுப்பில் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்து ஒரு கோடு போடுவார்கள். கோட்டை எங்கே போட்டாலும் இரண்டு வகைத் தவறு நடக்கும். தகுதிக்கு மேலே வைக்கப்பட்டவர் தோற்பார், எல்லோருக்கும் தெரியும், துறைக் கூட்டத்தில் எண்ணிக்கை வாசிக்கப்படும். தகுதிக்குக் கீழே வைக்கப்பட்டவரோ ஆயத்த வகுப்பில் ஏ கிரேடு வாங்கிவிட்டு அமைதியாகப் போவார். அவர் இழந்த செமஸ்டரும் கட்டிய பணமும் எந்த அறிக்கையிலும் வராது. கண்ணுக்குத் தெரிகிற தவறுக்கே பயந்து கோட்டை உயர்த்திக்கொண்டே போகத் தோன்றும்.

கணிதம், ஆங்கிலம் ஆகிய பாடங்களில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி (இரண்டாண்டுக் கல்லூரி) ஆய்வு மைய ஆய்வாளர்கள் 2012-ஐ ஒட்டி வெளியிட்ட ஆய்வுகளில், கணிதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒருவரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒருவரும் மிகவும் தவறான நிலையில் வைக்கப்பட்டிருந்தார்கள். அதில் பெரும்பகுதி கீழே தள்ளப்பட்டவர்கள். பள்ளி மதிப்பெண்ணைக் கணக்கில் எடுத்தால் அந்தத் தவறு நன்றாகக் குறைந்தது. கலிபோர்னியா 2017-இல் அசெம்பிளி பில் 705 என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, சமுதாயக் கல்லூரிகள் அந்த இரண்டு பாடங்களிலும் பள்ளிப் படிப்பை அடிப்படையாக வைத்தே மாணவர்களைச் சேர்க்க வேண்டும் என்றது. வேதியியல் அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் ஒரே தேர்வை நம்பினால் வரும் பிரச்சினை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

ஆளைக் கீழே நிறுத்துவதற்குப் பதிலாக, ஜெனரல் கெமிஸ்ட்ரியிலேயே சேர்த்துக்கொண்டு, வாரம் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கணக்குப் பயிற்சி கொடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. எனக்குத் தெரிந்து இதுதான் பிள்ளைகளுக்குச் செய்யும் நல்ல ஏற்பாடு. உங்கள் கல்லூரியில் அப்படி இணை வகுப்பு இருக்கிறதா என்று ஆலோசகரிடம் கேளுங்கள். இருந்தால், கட்-ஆஃப் தாண்டியவர்களும் விருப்பப்பட்டுச் சேரலாமா என்பதையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள்.